பாதியை வெட்டு, விடையை எட்டு!

3க + 6 = 0 என்ற சமன்பாட்டைப் பார்த்து நம்மில் யாரும் பயப்படுவதில்லை. க = −2 என்று வாயாலேயே சொல்லிவிடுவோம். இருபடிச் சமன்பாடு வந்தாலும் கவலையில்லை. அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, பள்ளியிலேயே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். முப்படிக்கும் நாற்படிக்கும்கூட சூத்திரம் உண்டு. இத்தாலி நாட்டு கார்டானோ 1545-ஆம் ஆண்டு தன் புத்தகத்தில் அவற்றை வெளியிட்டார். ஆனால் அவை அரைப் பக்கம் நீளும் என்பதால் நம் பாடத்திட்டத்தில் யாரும் நம்மைக் கஷ்டப்படுத்தவில்லை!

அதற்கு மேலே போனால்தான் சங்கடம். நார்வே நாட்டில் நீல்ஸ் ஏபெல் என்ற இளைஞர், நம்மைவிட நாலைந்து வயதே மூத்தவர், 1824-இல் ஒரு விஷயத்தை நிரூபித்துக் காட்டினார். ஐந்தாம் படிச் சமன்பாடுகள் அனைத்துக்கும் பொதுவாக, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றை மட்டும் வைத்து ஒரு சூத்திரம் எழுதவே முடியாது என்பதுதான் அது. "இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்பது வேறு, "முடியவே முடியாது" என்பது வேறு. அவர் சொன்னது இரண்டாவது. படிகளே இல்லாத சமன்பாடுகளும் இருக்கின்றன. க = காஸ் க என்று ஒரு வரி கொடுத்தால் போதும், எந்தப் பக்கம் தள்ளினாலும் க தனியாக வெளியே வராது.

அப்படியானால் விடையே கிடையாதா? உண்டு. சூத்திரம்தான் கிடையாது. விடையை நாமே தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும் வழிகளில் மிக எளிமையானது இருசமக் கூறிடும் முறை, அதாவது நமது நியூமரிக்கல் மெத்தட்ஸ் பாடத்தில் வரும் பைசெக்‌ஷன் மெத்தட். பரீட்சைக்கு ஐந்து மார்க் வாங்கியபின் பலரும் மறந்துவிடும் இந்த முறையைப் பற்றித்தான் இந்த மலரில் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த வித்தைதான். ஆடி மாதம் கோயிலில் சீரியல் செட் போடுகிறோம். ஐம்பது பல்பு வரிசையாக இருக்கிறது. எங்கேயோ ஒன்று போய்விட்டது, மொத்த வரிசையும் அணைந்துவிட்டது. தெரியாதவர் முதல் பல்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவார். தெரிந்தவர் என்ன செய்வார்? ஃபேஸ் வரும் முனையில் டெஸ்டர் எரியும், மறுமுனையில் எரியாது. ஆகவே கோளாறு நடுவில் எங்கேயோ இருக்கிறது. இருபத்தைந்தாவது பல்பில் டெஸ்டரை வைப்பார். எரிந்தால் கோளாறு அதற்கு அப்பால், எரியாவிட்டால் இப்பால். ஒரே சோதனையில் இருபத்தைந்து பல்புகள் கணக்கிலிருந்து நீங்கிவிட்டன! அடுத்தது பன்னிரண்டு, அப்புறம் ஆறு, மூன்று... ஆறு தடவைக்குள் போன பல்பு கையில்.

"எரிகிறது", "எரியவில்லை" என்பதற்குப் பதிலாக பிளஸ், மைனஸ் என்று வைத்துக்கொண்டால் அதுதான் இருசமக் கூறிடும் முறை. சமன்பாட்டின் எல்லா உறுப்புகளையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் பூஜ்யம் ஆக்குங்கள். இடப்பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டால் மதிப்பு மைனஸ் வருகிறது, இன்னொரு எண்ணைப் போட்டால் பிளஸ் வருகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அது பூஜ்யத்தைத் தொட்டே ஆக வேண்டும். இது பார்த்தாலே தெரிகிற விஷயமாயிற்றே என்று தோன்றும். ஆனால் பார்த்தாலே தெரிகிறது என்பதைக் கணித மேதைகள் ஒப்புக்கொள்வதில்லை. பிராக் நகரில் வாழ்ந்த போல்சானோ என்ற பாதிரியார் 1817-இல் இதற்கு முறையான நிரூபணம் கொடுத்தார். பிரான்ஸ் நாட்டு கோஷி 1821-இல் தன் பாடநூலில் இடைவெளியைத் திரும்பத் திரும்பக் கூறு போட்டே இதை நிரூபித்தார். இருவரும் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வரைபடம் நடுவில் அறுந்து போகாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது நம் காலை வாரும்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். க³ − 2க − 5 = 0. இது சாதாரணக் கணக்கு அல்ல. சர் ஐசக் நியூட்டனே தன் முறையை விளக்க எடுத்துக்கொண்ட கணக்கு!

க = 2 என்றால் 8 − 4 − 5 = −1. க = 3 என்றால் 27 − 6 − 5 = +16. ஒன்று மைனஸ், ஒன்று பிளஸ். ஆக, விடை 2-க்கும் 3-க்கும் நடுவே. நடுப்புள்ளி 2.5. அங்கே மதிப்பு +5.625. பிளஸ் என்பதால் 3-ஐத் தள்ளிவிட்டு 2, 2.5 என்று வைத்துக்கொள்கிறோம். நடு 2.25, மதிப்பு +1.891. நடு 2.125, மதிப்பு +0.346. நடு 2.0625, இப்போது −0.351. முதல் முறையாக மைனஸ் வந்ததால் இடது எல்லை நகர்கிறது. இனி 2.0625-க்கும் 2.125-க்கும் நடுவே. நடு 2.09375, மதிப்பு −0.009.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். −0.009 என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம். விடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் நம் முறைக்குத் தெரியாது! அது குறியை மட்டுமே பார்க்கும், அளவைப் பார்க்காது. அதனால் அடுத்த நடுவான 2.109375-க்கு ஓடும். அங்கே மதிப்பு +0.167, முன்பைவிட மோசம். அப்புறம் மெதுவாகத் திரும்பி வரும். உண்மையான விடை 2.09455. நியூட்டன் முறையில் 2-இல் ஆரம்பித்தால் முதல் தாவலில் 2.1, இரண்டாவது தாவலில் 2.0946. இரண்டே தாவல்! நம்முடையது மாட்டுவண்டி, அது எக்ஸ்பிரஸ் ரயில் என்று வைத்துக்கொள்ளலாம்.

பின் எதற்கு மாட்டுவண்டி? ரயில் சில நேரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும் என்பதுதான் காரணம். நியூட்டன் முறைக்கு வகைக்கெழு வேண்டும். வகைக்கெழு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் அடுத்த புள்ளி எங்கோ தூக்கி எறியப்படும். இருசமக் கூறிடும் முறையில் அந்த ஆபத்தே இல்லை. வேலை எத்தனை நேரம் பிடிக்கும் என்பதைக்கூட ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். பத்து தடவை வெட்டினால் இடைவெளி 1,024-இல் ஒரு பங்கு. இருபது தடவை வெட்டினால் 10,48,576-இல் ஒரு பங்கு. சமன்பாடு எவ்வளவு கோணலாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இவ்வளவு உறுதியாக வாக்குக் கொடுக்கும் முறை வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1973-இல் ரிச்சர்ட் பிரென்ட் வெளியிட்ட முறை, பாதியாக வெட்டுவதையும் வகைக்கெழு தேவைப்படாத வேகமான வழியையும் சேர்த்துக் கட்டியது. வேகமான வழி சரியாகப் போனால் அதிலேயே போகும், தடுமாறினால் பாதியாக வெட்ட ஆரம்பித்துவிடும். பெரிய பெரிய மென்பொருள்களுக்குள்ளும் இந்த மாட்டுவண்டி ஒரு ஓரமாக நின்றுகொண்டுதான் இருக்கிறது.

சரி, இதெல்லாம் எங்கே பயன்படும்? சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு குழாயில் தண்ணீர் ஓடும்போது ஏற்படும் உராய்வுக் குணகம் தெரியும். 1939-இல் கோல்புரூக் கொடுத்த சமன்பாட்டில் அந்தக் குணகம் இரு பக்கமும் இருக்கும், ஒரு பக்கம் லாகரிதத்துக்குள் ஒளிந்திருக்கும். பிரித்து எடுக்க முடியாததால்தான் மூடி என்பவர் 1944-இல் வரைபடமே போட்டுக் கொடுத்தார். இதுபோல ஒவ்வொரு துறையிலும் உதாரணம் கிடைக்கும். ஆனால் நான் சொல்ல விரும்பும் உதாரணம் ஒர்க்‌ஷாப்பில் இல்லை, மார்க்கெட்டில் இருக்கிறது.

எங்க அம்மா காய்கறிக் கடை வைத்திருக்கிறார்கள். முதல் போடுவதற்குத் தண்டல் வாங்குவார்கள். தண்டல் என்றால் தெரியாதவர்களுக்கு: 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. கையில் தருவது 8,500. அடுத்த நாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். அட்டையில் தினமும் ஒரு கட்டம் அடிப்பார்கள். "வட்டி எவ்வளவு?" என்று கேட்டால், "நூறு நாளைக்குப் பதினைந்து வட்டி" என்பது பதில். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 15-ஐ 3.65-ஆல் பெருக்கி 54.75 சதவீதம் என்று தோன்றும். அதுவே அதிகம்தான். ஆனால் அதுவும் உண்மையில்லை.

ஏன் உண்மையில்லை? முதலாவது, கையில் வந்தது 10,000 அல்ல, 8,500. இரண்டாவதுதான் முக்கியம். அந்த 8,500-உம் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. தினம் 100 ரூபாய் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஐம்பதாவது நாளில் ஏறக்குறையப் பாதிக் கடன்தான் நம் கையில், ஆனால் வட்டி மட்டும் முழுத் தொகைக்கு. அப்படியானால் உண்மையான வட்டி என்ன?

நாள் வட்டி விகிதத்தை 'வ' என்று வைப்போம். நாளைக்குக் கட்டும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ÷ (1 + வ). நாளை மறுநாள் கட்டுவது 100 ÷ (1 + வ)². இப்படியே நூறாவது நாள் 100 ÷ (1 + வ)¹⁰⁰. இந்த நூறையும் கூட்டினால் இன்று கையில் வாங்கிய 8,500-க்குச் சமமாக வர வேண்டும். பெருக்குத் தொடரின் கூட்டல் சூத்திரத்தைப் போட்டால்,

100 × [1 − (1 + வ)⁻¹⁰⁰] ÷ வ − 8,500 = 0

பார்த்தீர்களா! படி நூறு! ஏபெல் ஐந்தாம் படியிலேயே கையை விரித்துவிட்டார், இங்கே ஒரு காய்கறிக் கடை அட்டைக்குள் நூறாம் படிச் சமன்பாடு உட்கார்ந்திருக்கிறது. சூத்திரத்தால் வ-வைப் பிரிக்க வழியில்லை. வெட்ட வேண்டியதுதான்.

வட்டியே இல்லை, அதாவது வ = 0 என்றால் கூட்டுத்தொகை 10,000. 8,500 போக +1,500. (இதைச் சூத்திரத்தில் போடாதீர்கள், பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். நூறு நூறுகளை நேராகக் கூட்டிக்கொள்ளுங்கள்.) நாளைக்கு 1 சதவீதம், அதாவது வ = 0.01 என்றால் −2,197. குறி மாறிவிட்டது. வட்டி ஏற ஏற இன்றைய மதிப்பு இறங்கிக்கொண்டேதான் போகும் என்பதால் விடை ஒன்றே ஒன்றுதான். சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரில் போட்டது இதோ:

0.5 சதவீதம்: −645.7
0.25 சதவீதம்: +338.2
0.375 சதவீதம்: −173.9
0.3125 சதவீதம்: +76.9
0.34375 சதவீதம்: −49.8
0.328125 சதவீதம்: +13.2
0.3359375 சதவீதம்: −18.4
0.33203125 சதவீதம்: −2.6

எட்டு வெட்டில் விடை 0.328-க்கும் 0.332-க்கும் நடுவே சிக்கிக்கொண்டது. இன்னும் ஐந்தாறு முறை வெட்டினால் 0.3314 சதவீதம். இது ஒரு நாளைக்கு! 365-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு ஏறக்குறைய 121 சதவீதம். "பதினைந்து வட்டி" என்று பேச்சுக்குச் சொன்னதன் உண்மையான பெயர் 121.

இந்தக் கணக்கை அம்மாவிடம் காட்டினேன். ஆச்சரியப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "வட்டி அதிகம்னு எனக்குத் தெரியாதா கண்ணு? விடியக்காலை நாலு மணிக்குக் கையில காசு குடுக்கிற பேங்க் எது, சொல்லு" என்றார்கள். அதற்கு என் கால்குலேட்டரில் பதில் இல்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவர்களே ஒரு கேள்வி கேட்டார்கள். மார்க்கெட்டில் இன்னொருவர் புதிதாக வந்திருக்கிறாராம். 10,000-க்கு 9,000 கையில் தருகிறார், தினம் 200 வீதம் 50 நாள். "இவர் ஆயிரம்தானே பிடிக்கிறாரு, அவரைவிடத் தேவலைதானே?"

இதுதான் சரியான கேள்வி! பிடித்தம் 1,500-இலிருந்து 1,000 ஆகக் குறைந்திருக்கிறது, பார்த்தால் லாபம் போலத்தான் இருக்கிறது. 50 நாள், 200 ரூபாய், 9,000 என்று மாற்றிப் போட்டு மறுபடி வெட்டினேன். நாளைக்கு 0.4213 சதவீதம் வந்தது. வருஷத்துக்கு சுமார் 154. ஆயிரம் ரூபாய் வாங்குபவர் ஆயிரத்து ஐந்நூறு வாங்குபவரைவிட அதிக வட்டி வாங்குகிறார்! பணம் பாதி நாள்தான் நம்மிடம் இருக்கிறது என்பதே காரணம். அம்மா இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். "அம்பது நாள்ல முடிஞ்சா, திரும்ப இன்னொரு தண்டல் வாங்கணும், திரும்ப ஆயிரம்." என் சமன்பாடு சொன்னதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள். புதியவரிடம் வாங்கவில்லை.

2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டித் தடைச் சட்டத்தில் கந்து வட்டி, மீட்டர் வட்டி இவற்றோடு தண்டல் என்ற சொல்லும் இருக்கிறது. சட்டம் இருப்பதை மார்க்கெட்டில் பலரும் அறிவார்கள். ஆனால் தன் அட்டையில் உள்ள வட்டி என்ன என்பது தெரிந்தவர் குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது.

இது தண்டலோடு நிற்பதில்லை. பைக் வாங்கக் கடன் தருபவர்கள் "12 சதவீதம் ஃப்ளாட்" என்பார்கள். 60,000 ரூபாய், ஒரு வருஷம் என்றால் வட்டி 7,200, மாதத் தவணை 5,600. இதையும் அதே முறையில் வெட்டுங்கள். மாதம் சுமார் 1.79 சதவீதம், வருஷத்துக்கு ஏறக்குறைய 21.5 வரும். 12 எங்கே, 21.5 எங்கே! ரிசர்வ் வங்கி இப்போது ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிதாகத் தரும் சில்லறைக் கடன்களுக்கும், சிறு, நடுத்தரத் தொழில் கடன்களுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும், அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு எண்ணைத் தேடிப் பாருங்கள். அந்த எண்ணும் இதேபோல் ஒரு சமன்பாட்டைத் தீர்த்து எடுக்க வேண்டிய எண்தான்.

இனி, காலை வாரும் விஷயங்கள். முதலில் சொன்ன தொடர்ச்சி நிபந்தனை. டேன் க என்ற சார்பு 1.5 ரேடியனில் பிளஸ், 1.6-இல் மைனஸ். குறி மாறுகிறதே என்று வெட்டிக்கொண்டே போனால் 1.5708-இல் போய் நிற்கும். அங்கே மூலம் இல்லை, வரைபடம் அறுந்து கிடக்கிறது! கடைசியில் கிடைத்த எண்ணைச் சமன்பாட்டில் போட்டு மதிப்பு சிறிதாகிறதா என்று பார்த்தால் இந்த ஏமாற்றம் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது, (க − 1)² போன்றவை. க = 1-இல் பூஜ்யம் உண்டு, ஆனால் இரு பக்கமும் பிளஸ். நம் டெஸ்டருக்கு இது அகப்படவே அகப்படாது. மூன்றாவது, இடைவெளிக்குள் இரண்டு மூலங்கள் இருந்தால் இரு முனையிலும் ஒரே குறி வரும், ஒன்றுமே இல்லை என்று நினைத்துப் போய்விடுவோம். முதலில் ஒரு ரஃப் வரைபடம் போட்டுக்கொள்வதே இதற்கு மருந்து. நான்காவது கால்குலேட்டர். க = காஸ் க என்பதற்கு விடை 0.739. வகுப்பில் பாதிப் பேருக்கு 0.99985 வந்தது. கால்குலேட்டர் டிகிரியில் இருந்ததுதான் காரணம்.

கம்ப்யூட்டர் லேபில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மதிப்பு சரியாகப் பூஜ்யம் ஆகும்வரை லூப் ஓடட்டும் என்று எழுதாதீர்கள். தசம இலக்கங்களுக்கு எல்லை உண்டு, பூஜ்யம் வராமலே போகலாம், லூப் ராத்திரி முழுக்கச் சுற்றும். இடைவெளி இவ்வளவுக்குக் கீழே வந்தால் நிறுத்து என்று எழுதுங்கள். இரு முனை மதிப்புகளின் பெருக்குத்தொகை மைனஸா என்ற சோதனை ஒரு வரி, நடுப்புள்ளி ஒரு வரி, எந்தப் பாதியைத் தள்ளுவது என்று ஒரு வரி. மொத்தமே பத்து வரிதான்.

போட்டுப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். வாரத் தண்டல்: கையில் 1,000 ரூபாய், அடுத்த வாரத்திலிருந்து வாரம் 120 வீதம் பத்து வாரம். 0-க்கும் 10 சதவீதத்துக்கும் நடுவே ஆரம்பியுங்கள். வாரத்துக்கு 3.46 சதவீதம், 52-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 180 வர வேண்டும்.